எக்கோ வேண்டாம் என்றான்

19-1-2003, ஞாயிறு. சோளக்காடு

விடியும்போதே பனி. எதிர்க்கடை தெரியவில்லை. நான் இறங்கின பிறகு அடுத்த பஸ்ஸின் ஹாரன் முன்னால் வந்தது, பஸ் பின்னால் வந்தது. கடை திறந்ததும் டேப் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். இரண்டு டெக்கும். காரவள்ளியில் இருந்து தினமும் எழுபது வளைவு ஏறி வந்து ரிக்கார்டிங் கடை நடத்துகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன். தமிழ்நாட்டிலேயே என்றும் சொல்லலாம்.

மதியம் அக்கா மகன் சின்ராசு வந்தான். (இனி சி. என்று எழுதுகிறேன். கை வலிக்கிறது.) மலேசியாவில் கம்பி கட்டும் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்குத் திரும்பியவன். முப்பது தாண்டிவிட்டது, கல்யாணம் இல்லை. வந்ததில் இருந்து தொண்டை கரகரப்பு. சேலத்து ஆஸ்பத்திரியில் சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஒன்றும் இருக்காது என்றேன். எனக்கு இதைவிடப் பெரிய கட்டி கழுத்தில் வந்து, மூன்று டாக்டர்கள் கைவிட்டு, மிளகுக் கஷாயத்தில் கரைந்தது என்று சொன்னேன். வந்தது வேனல் கட்டி. முதுகில். அவனுக்கும் அது தெரியும். சிரித்தான்.

பேட்டரி வாங்க வேண்டும். குழாய் ஸ்பீக்கர் ஒன்றில் குளவி கூடு.

21-1

பனி. வியாபாரம் இல்லை. சி. கொண்டுவந்த மலேசியா கேசட்டுகளைக் கேட்டோம்.

இதைப் பற்றி ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். ராப் என்கிறான். ஹிப் ஹாப் என்றும் சொல்கிறான். பாட்டு என்றால் பாட்டே இல்லை, பேச்சு. ஆனால் அந்தப் பேச்சு தாளத்துக்குள் போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. சினிமாவில் நடுநடுவே ஒருத்தன் வந்து கத்துவானே, அது இல்லை. கம்பெனி கிடையாது. விளம்பரம் கிடையாது. ‘நாலாம் மாடி’ என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டம். சி. வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பில் நாலாம் மாடியில் இருக்கிற நம் சனங்கள். வேலை விட்டு வந்து, குளித்து, சமையல்கட்டில் வைத்துப் பதிவு பண்ணி, அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, கையால் விற்றிருக்கிறார்கள். அதில் கௌரி என்று ஒரு பெண். பஸ் கண்டக்டராம். அவள் மூச்சு விடுகிற இடமே தெரியவில்லை. ஒரு வரியில் அப்பனைத் திட்டுகிறாள், அடுத்த வரியில் அவனுக்குச் சோறு போடுகிறாள். நான் பீடியைப் பற்றவைக்க மறந்தேன்.

தாளம் கட்டினவன் பெயர் கரண்ட் குமார். அட்டையில் அவன் பெயர் பாடினவர்கள் பெயருக்கு மேலே. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ஆளைப் பிடித்துப் போயிற்று. இந்த ஊரில் எத்தனை கல்யாணத்துக்கு மைக் செட் கட்டியிருப்பேன். ஒரு பத்திரிகையிலாவது பெயர் போட்டார்களா? தவில்காரன் பெயர் உண்டு. சமையல்காரன் பெயர் கூட உண்டு.

ஒரு பாட்டில் நடுவே குக்கர் விசில் அடிக்கிறது. குமார் (இவனும் இனி கு.) அதை அழிக்கவில்லை. விசில் வருகிற இடத்தில் கௌரி ஒரு நொடி நின்று, விசில் முடிந்ததும் தொடர்கிறாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

“அழிச்சிருந்தா அது வேற ஊட்டுப் பாட்டு ஆயிருக்குமுங்க மாமா” என்றான் சி.

கு. என்னை விசாரித்ததாகவும், கடிதம் போட்டதாகவும் மிளகு மண்டி கந்தசாமியிடம் சொன்னேன். இதுவரை போடவில்லை. போடுவான்.

24-1, வெள்ளி

வெயில் வந்தது. மிளகு காயப்போட எல்லாரும் பாய், படுதா.

தாளம் கட்டும் வித்தை புரிந்தது. ஒரு டெக்கில் மூல கேசட். இன்னொன்றில் வெறும் கேசட், ரிக்கார்டு அமுக்கி, டேப்பை நிறுத்திப் பிடிக்கிற பாஸ் பட்டன் போட்டு வைக்க வேண்டும். வேண்டிய இடம் வந்ததும் பாஸை விடு. அடி முடிந்ததும் பிடி. திரும்ப ரீவைண்ட். திரும்ப விடு, பிடி. இப்படியே சேர்த்துக்கொண்டு போனால் சின்னத் துண்டு முழுப் பாட்டுக்கும் ஓடும். கு. ஆரம்பத்தில் இப்படித்தான் செய்தானாம், கம்ப்யூட்டர் எல்லாம் பிற்பாடு. சி. மூன்று தரம் தவறினான். நான் முதல் தரமே சரியாகச் செய்தேன். (ஐந்தாம் தரம்.)

என்ன சத்தம் எடுப்பது என்று கேட்டேன். சினிமா டிரம் எடுக்கலாம், என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. வேண்டாம் என்றான். சந்தைக்குப் பின்னால் களத்தில், இந்த மலையிலேயே குண்டூர் நாட்டைச் சேர்ந்த சடையன் மிளகு மிதித்துக்கொண்டிருந்தார். கொத்தில் இருந்து மணி உதிரக் காலால் மிதிப்பது. சர்ரு, சர்ரு, நடுவில் ஒரு குதிகால். சி. அங்கேயே நின்றுவிட்டான்.

மைக்கைக் களத்துக்கு இழுத்தேன். சடையனுக்கு ஒரே வெட்கம். “என் காலை என்னத்துக்குங்க படம் புடிக்கிறீங்க” என்கிறார். படம் இல்லை, சத்தம் என்றேன். சத்தத்துக்கு ஏன் சிரிக்கச் சொன்னீங்க என்றார். அவர் பெண்டாட்டி பாப்பு சிரித்துச் சிரித்து முறத்தைக் கவிழ்த்துவிட்டாள்.

கந்தசாமி வந்து, தலைமேல் துண்டு போட்டுக்கொண்டு மிளகுக்கு மைக் பிடிக்கிற மாமனையும் மருமகனையும் பேப்பரில் போட வேண்டும் என்றார். போடுவார்கள் என்றேன்.

அருமையாக விழுந்திருக்கிறது. சர்ரு சர்ரு டொக். கேட்டால் நடக்கத் தோன்றுகிறது.

27-1, திங்கள். சேலம் போய் வந்தது

மழைத் தூறல்.

கேன்சர். குரல்வளையில். குரல் பெட்டியையே எடுத்தாக வேண்டுமாம். கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாக மூச்சு. பேச்சு வராது. அடுத்த திங்கள் சேர வேண்டும்.

டாக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கை கொடுத்து, கொல்லிமலையில் இருந்தா வருகிறீர்கள் என்று விசாரித்தார்.

எழுந்தது டாக்டர் இல்லை. நான்தான் எழுந்தேன். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

சி. பீடி தொட்டவன் இல்லை. புகையிலை இல்லை. நான் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. வரும்போது பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம். காரவள்ளி இறங்கும்போது சொன்னான்: “நானும் ராப்பு மூணு பகுதி எழுதி வெச்சிருக்கறனுங்க. அம்மா ஒண்ணுகூடக் கேட்டதில்லை. சேர்றதுக்கு முன்னால என் கொரல்ல ஒரு தடவை புடிச்சுக் குடுத்துருங்க மாமா. அது போதும்.”

அக்காவிடம் கட்டி என்று மட்டும் சொல்லச் சொன்னான். அவள் எங்கள் முகத்தைப் பார்த்தே அடுப்பை அணைத்துவிட்டாள்.

29-1

பாட்டுக்குத் தாளம் கட்டி முடிந்தது. ராத்திரி ஒத்திகை வேண்டாம், குரலைச் சேமிக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை ரிக்கார்டிங்.

சி. போட்ட சட்டம்: மைக் வாயில் இருந்து நாலு விரல் தள்ளி. ஜன்னல் திறந்தே இருக்கட்டும். பஸ் வந்தால் வரட்டும். அப்புறம் எக்கோ கூடாது.

எக்கோ என்றால் என்னுடைய எக்கோ. இந்த மலையில் ஒவ்வொருத்தனும் எக்கோவுக்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறான். ஒரு சொல் சொன்னால் நாலு சொல்லாகப் போகும். காது குத்துக்குக் கூட, சீர் தட்டு வைத்தவர் பெயர் நாலு மலைக்கும் கேட்க வேண்டும். என் எக்கோவில் பேசி ஒருத்தர் பஞ்சாயத்து எலெக்ஷனே ஜெயித்தார்.

“எக்கோ வேணாமுங்க மாமா. எங்கொரலு எப்படி இருக்குதோ அப்படியே.”

சரி என்றேன்.

31-1, வெள்ளி

காலை ஏழு மணிக்கு எல்லாம் தயார். சி. கஞ்சி குடித்துவிட்டு வந்தான். மைக் வைத்தேன். கீழே இருந்து ஆள் ஓடிவந்தது.

சடையன் மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரத்தில் இருந்து விழுந்துவிட்டார். ஒற்றை மூங்கில் ஏணி, பனி ஈரம். மிளகுக் கொத்து கையிலேயே இருந்ததாம். பஸ் ஸ்டாப்புக்குத் தூக்கி வரும்போதே முடிந்துவிட்டது.

சாவு விழுந்தால் எடுக்கும்வரை செட் போடக் கூடாது. இங்கே அப்படித்தான், எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மெயின் ஸ்விட்சை நானே இறக்கினேன். குழாய் வேண்டாம், கடைக்குள் மெதுவாகப் பிடித்துக்கொள்ளலாம், கதவைச் சாத்தினால் யாருக்குக் கேட்கும் என்று சி.யிடம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டுச் சாவு வீட்டுக்கு நடந்தான். பின்னாலேயே போனேன்.

அவர் மகன் ஓசூரில் இருந்து வர வேண்டும். நாளைக்குத்தான் எடுப்பார்கள்.

1-2, சனி

மதியம் எடுத்தார்கள். பனி விலகவே இல்லை. சி. பாடைக்கு மூங்கில் கட்டினான். கம்பி கட்டின கை, முடிச்சு பார்க்க அழகாக இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன்.

எங்கள் டேப்பில் ஓடுகிறது சடையன் கால். அதை வைத்துக்கொள்ளலாமா என்று பாப்புவிடம் கேட்டுவிட வேண்டும் என்றான் சி. இப்போதா என்றேன். அப்புறம் எனக்குக் கேக்க வாய் இருக்காதுங்களே என்றான்.

கேட்டான். அவள் வாசலில் கிடந்த மிளகு மணியைப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். பிறகு, “மிதிச்சது மிதிச்சதாவே இருக்கட்டும் கண்ணு” என்றாள்.

ஐந்து மணிக்கு வந்து ஸ்விட்ச் போட்டால் கரண்ட் இல்லை. எங்கோ கம்பம் சாய்ந்துவிட்டதாம். சி.யின் குரல் காலையில் இருந்ததில் பாதி. கடைசி பஸ்ஸில் கீழே போகவில்லை, கடையிலேயே படுத்தோம்.

2-2, ஞாயிறு

ஆறு மணிக்கு பல்பு எரிந்தது. எழுப்பினேன்.

சுடுதண்ணீர் குடித்தான். ஹெட்போன் ஒன்றுதான், என் காதில். தாளத்தை அவனுக்குச் சின்ன ஸ்பீக்கரில் மெதுவாகக் கொடுத்தேன். டேப் ஓடியது. சர்ரு சர்ரு டொக்.

எழுதி வைக்கிறேன், முதல் பகுதியின் தொடக்கம்:

எழுவது வளைவு எறங்கிப் போனேன்
எவனோ ஊட்டுக்கு மாடி கட்ட
எட்டாம் மாடியில நின்னு பாத்தேன்
எங்கம்மா மொகம் மட்டும் எட்டல

சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டவரையில் நாலாம் மாடிக் கூட்டத்தில் ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை. கௌரி உட்பட. கரகரப்பு இருந்தது. ஆனால் அந்தக் கரகரப்பும் மிளகு உதிர்கிற சத்தமும் ஒரே ஆள் போல. ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. அவன் கௌரி மாதிரி ஒரு நொடி விட்டுத் தொடர்ந்தான்.

இரண்டாம் பகுதி ஆரம்பித்ததும் குரல் உடைந்தது. உடைந்தது என்றால், சில சொல்லுக்குக் காற்று மட்டும் வந்தது. நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. இந்த உடைந்த குரலா ஆயுசுக்கும் நிற்கப் போகிறது, இதையா அக்கா கேட்கப் போகிறாள். எக்கோ குமிழைப் பாதிவரை திருப்பினேன். ஹெட்போனில் கேட்டேன். அப்பாடா. கோபுரத்தின் மேல் நின்று சொல்கிற மாதிரி. உடைசல் எல்லாம் மூடிக்கொண்டது. மூன்றாம் பகுதிக்கு இன்னும் கொஞ்சம்.

முடித்ததும் உட்கார்ந்துவிட்டான். பேச்சு வரவில்லை. எக்கோ போடவில்லையே என்று விரலைச் சுழற்றிக் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன்.

போட்டுக் கேட்க நேரமில்லை, பஸ். கேசட்டில் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பஸ்ஸில் எல்லாரிடமும் சொன்னேன், மலேசியாவுக்குப் போகப் போகிற கேசட் என்று. நன்றாக வந்திருக்கிறது. ரொம்ப நன்றாக.

3-2

சேர்த்தாயிற்று. வார்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டில், நான் பேசி வாங்கியது. (அதுதான் காலியாக இருந்தது.)

6-2

ஆபரேஷன். காலையில் உள்ளே, சாயங்காலம் வெளியே. கழுத்தில் குழாய். மூச்சு அந்த வழியாகப் போய் வருகிறது, விசில் மாதிரி. அக்கா அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சேலத்தில் நல்ல வெயில்.

11-2

சோளக்காடு போய்க் கடையைப் பார்த்து, கேசட்டும் பேட்டரி டேப்பும் எடுத்துக்கொண்டு காரவள்ளி வந்தேன். அக்கா துணி துவைக்க வந்திருந்தாள். அவள் முதலில் கேட்கட்டும், அவளுக்காகத்தான் பாடினான் என்று போட்டேன்.

முதல் பகுதி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். எட்டாம் மாடி வந்ததும் அழுதாள். பரவாயில்லை, அழட்டும்.

இரண்டாம் பகுதி. நெற்றியைச் சுருக்கினாள். டேப்பின் மேல் குனிந்தாள். மூன்றாம் பகுதியும் ஓடி முடிந்தது.

“ஏண்டா தம்பி, என்ன சொல்றான்? ஒண்ணும் வெளங்கலையே.”

புரிகிறதே, இதோ பார் என்று நான் கூடவே சொல்லிக் காட்டப் போனேன். அப்போதுதான் உறைத்தது. எனக்கு வரிகள் மனப்பாடம். காது தானே நிரப்பிக்கொண்டது. மனப்பாடம் இல்லாதவளுக்கு அது வெறும் முழக்கம். நிறுத்தி நிறுத்திச் சொல்கிற சீர்வரிசைப் பெயருக்கு எக்கோ சரி. சி. சொல்கிற வேகத்தில் ஒரு சொல் முடிவதற்குள் அடுத்தது வந்து அதன் தலையில் ஏறுகிறது. அதன்மேல் இன்னொன்று. கிணற்றுக்குள் பத்துப் பேர் கத்துகிற மாதிரி.

திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். திரும்பவும் போடச் சொன்னாள்.

“எம்பையன் என்னடா சொன்னான்?”

அக்காவுக்கு வாயால் சொல்லலாம். எனக்குத் தெரியும் எல்லா வரியும். ஆனால் என் வாயில் வந்தால் அது நான் அளக்கிற கதை. பேட்டரி தீர்ந்தது என்றேன். தீரவில்லை.

12-2

காலையில் இருந்து ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப் பார்த்தேன். ட்ரெபிள் ஏற்றினேன், பேஸ் குறைத்தேன். திருச்செங்கோட்டில் ஒரு ரேடியோக்காரரிடம் போன் போட்டுக் கேட்டேன். கேசட்டில் ஏறின எக்கோவை இறக்க முடியாது என்றார். பாலில் கலந்த தண்ணீரைத் தனியாக எடுக்க முடியுமா என்றார். தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

கந்தசாமி மலேசியா கேசட் எப்போது போகிறது என்று கேட்டார். தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் இல்லை என்றேன்.

15-2, சனி. சேலம்

சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன். அவனே கேட்டான். சிலேட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ‘கேசட்?’ என்று எழுதினான்.

ஹெட்போனை அவன் காதில் மாட்டினேன். முதல் பகுதிக்குக் கட்டிலின் இரும்பில் விரலால் தாளம் போட்டான். பஸ் வந்து போகிற இடத்தில் சிரித்தான் என்று நினைக்கிறேன், குழாய் இருப்பதால் சிரிப்பு எப்படி இருக்கும் என்று இன்னும் பழகவில்லை. இரண்டாம் பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் விரல் நின்றது.

கடைசிவரை கேட்டான். நடுவில் கழற்றவில்லை. கழற்றியிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு வரும் வழி முழுக்கக் கதை தயார் செய்திருந்தேன். கரண்ட் ஏற்ற இறக்கம், குமிழ் லூஸ், ஸ்பீக்கரில் குளவி. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. நான்தான் திருப்பினேன் என்றேன். உடைஞ்ச குரலை அக்கா கேட்க வேண்டாம் என்று நினைத்தேன் என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூச்சு மட்டும் கழுத்தில் விசில் அடித்துக்கொண்டிருந்தது. கோபம் என்றால் இப்போது அவனால் அவ்வளவுதான் முடியும். பார்வையாளர் நேரம் முடியும்வரை நின்றேன்.

16-2

இன்றைக்கும் போனேன். என்னைப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள்.

19-2

சிலேட்டை என் பக்கம் நீட்டினான். முன்பே எழுதி வைத்திருக்கிறான்.

‘முதல் பகுதி போதும். 2, 3 இடத்தில் சடையன் கால் மட்டும். நீளம் குறைக்காதீங்க.’

எதையாவது அழகுபடுத்தி வைக்கவா என்று கேட்க வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

21-2. சோளக்காடு

கதவைச் சாத்திக்கொண்டு மதியம் முழுக்க வேலை. முதல் பகுதியை அப்படியே ஏற்றினேன். பஸ்ஸும் இருக்கிறது. கடைசிச் சொல் முடிந்ததும் பாஸ் பிடித்து, தாளம் மட்டும் உள்ள டேப்பை மாற்றி, அடி தவறாமல் விட வேண்டும். தவறியது. தவறியது. எத்தனை தரம் என்று எண்ணவில்லை. கு. என்றால் தவறாது. சேர்ந்தது கடைசியில்.

பிறகு எக்கோ போர்டில் இருந்து ஒயரைச் சூடு வைத்துப் பிரித்து எடுத்துவிட்டேன். கல்யாண சீசன் வருகிறது. பார்க்கலாம்.

2-3, ஞாயிறு

வெயில். சி. டிஸ்சார்ஜ் ஆன பிறகு இன்றைக்குத்தான் மலை ஏறினான். கழுத்தைச் சுற்றி மெல்லிசுத் துண்டு. கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். அக்காவும் வந்தாள். பாப்பு களத்தில் மிளகு வாரிக்கொண்டிருந்தாள், மகன் கூட நின்றான்.

அட்டையில் அவனே எழுதியிருக்கிறான். மேலே ‘கால்: சடையன்’. அடுத்து ‘சொல்: சின்ராசு’. கீழே என் பெயர். மேலே போடவில்லை. சரிதான். போட்டானே.

குழாய் ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கை காட்டினான். போட்டேன். சந்தை முழுக்கக் கேட்டது. பாப்பு முறத்தைக் கீழே வைத்தாள்.

கந்தசாமி மண்டியில் இருந்து கூப்பிட்டார். “ஏனுங்க, கொரலு ஒடஞ்சு கெடக்குதுங்களே. கொஞ்சம் எக்கோ ஏத்தி உடறது.”

எக்கோ ஒயரை நானே பிடுங்கிவிட்டேன் என்றேன். நீங்களா, சும்மா அளக்காதீங்க என்று சிரித்தார். இத்தனை வருஷத்தில் அந்த ஆளிடம் சொன்ன ஒரே நிஜம்.

முதல் பகுதி முடிந்தது. அடி தவறவில்லை. அப்புறம் வெறும் மிதி. சர்ரு சர்ரு டொக். பாட்டு தீர்ந்தது என்று சனங்கள் நடக்க ஆரம்பித்தார்கள்.

ஸ்டூலைப் பார்த்தேன். சி. கண்ணை மூடிக்கொண்டிருந்தான். முழங்காலில் விரல். உதடு அசைந்தது. இரண்டாம் பகுதி, ஒரு சொல் விடாமல். மூன்றாவதும். அக்கா அவன் எதிரே தரையில் உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.